குழலுக்கேற்ற குண்டு

நூலகத்திலிருந்து எடுத்து வந்த இந்திய வரலாற்று நூலொன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன், எனது தமிழ்ப் பாடவேளையிலே மேசைக்குக் கீழே மறைத்து வைத்து வாசித்துக் கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்து, "வாசித்ததை எல்லாருக்கும் கேட்கச் சொல்லு" என்றேன். அவன் அஞ்சவில்லை. 1857 ஆம் ஆண்டிலே வட இந்தியாவிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததையும், கொழுப்புப் பூசிய தோட்டாவைப் பல்லாற் கடிக்க வேண்டுமென்ற கட்டளை அதற்கு உடனடிக் காரணமாய் அமைந்ததையும் தெளிவாகவே சொன்னான். சொல்லி முடித்தவன் அமரவில்லை. "ஐயா, துவக்குக் குண்டுக்குக் கொழுப்பு எதற்கு? அதைப் பல்லாலே கடிப்பது எதற்கு?" என்று வினவினான்.

எனக்கு விடை தெரியவில்லை. துப்பாக்கி, துவக்கு என்னும் சொற்கள் துருக்கி மொழியிலிருந்து வந்து தமிழிற் புகுந்தவை என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "நாளைக்குச் சொல்லுகிறேன், தம்பி" என்று கூறித் தப்பிக்கொண்டேன். அந்த நாளை வருதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. அவனுக்குச் சொன்ன விடையையே சிறிது விரித்து, பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே வாசிக்கும் இவ்விழா மலரில் எழுதத் துணிந்தேன்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் நெஞ்சு துணுக்குறும் தலைமுறையைச் சேர்ந்தவன் யான். ஆதலின் இக்கட்டுரை படைக்கலத்தைப் போற்றுதற்கு எழுந்ததன்று. ஒரு சிறிய ஈயக்கட்டியைத் தெரிவு செய்வதில் மனித அறிவு எவ்வளவு தூரம் நுணுகிச் சென்றது, எவ்விடத்திலே தவறியது என்பதைக் காட்டுதலே இதன் நோக்கம்.

கரிமருந்தும் ஒரு விடுகதையும்

பழைய துவக்குகள் வாய்வழியாகக் கெட்டிக்கப்பட்டவை. முதலிலே மருந்தைக் குழலின் வாயிற் கொட்டி, அதன்மேற் குண்டை வைத்து, நீண்ட கோலொன்றினால் அடிவரை இடித்து இறுக்குவர். மருந்து கரிமருந்து, வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது அதன் பொதுவான கலவை. இம்மருந்து எரியும்போது முழுவதும் வாயுவாய்ப் போய்விடுவதில்லை. நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மப் பொருளாகவே எஞ்சுகின்றது. அதில் ஒரு பகுதி வெண்புகையாய் வெளியேற, மற்றொரு பகுதி குழலின் உட்சுவரிற் கரிய பற்றாகப் படிகின்றது. சட்டியிலே அடிப்பிடித்த கறி போல அது வெடிக்கு வெடி தடித்துக்கொண்டு போகும்.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. குண்டு குழலுக்குச் சரியான அளவினதாயின், நாலைந்து வெடிகளுக்குப் பின்னர் அதனை உள்ளே செலுத்த முடியாது. அளவிற் சிறியதாயின் எளிதிற் செல்லும். ஆனால் மருந்தின் வாயு அதனைச் சுற்றியுள்ள இடைவெளியால் ஒழுகிப்போகும். குண்டும் குழலின் இருபக்கங்களிலும் மோதி மோதி வெளிவந்து, குறி தவறிப் போகும். பிரித்தானியக் காலாட்படையினர் நெடுங்காலம் ஏந்திய 'பிறவுன் பெஸ்' என்னும் துவக்கின் குழல் விட்டம் 0.75 அங்குலம், குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். இத்துணை இடைவெளி விட்டமையால் விரைவாகக் கெட்டிக்கலாம். ஆனால் நூறு யாருக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துதல் பெரும்பாலும் தற்செயலேயாம்.

குழலின் உட்புறத்திலே திருகுபுரி போன்ற தவாளிப்புக்களை வெட்டினால், அவற்றைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு பம்பரம் போலச் சுழலும். சுழலும் குண்டு நேராகச் செல்லும். ஐரோப்பியர் இதனைப் 16 ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். இவ்வாறு புரி வெட்டிய துவக்கே றைபிள் எனப்படுவது. ஆனால் தவாளிப்பைப் பற்றவேண்டுமாயின் குண்டு இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமான குண்டோ கரிப்பற்றைத் தாண்டி உள்ளே போகாது. எனவே முந்நூறு ஆண்டுகளாகத் துவக்குத் தொழிலாளர் முன் நின்ற சிக்கலை ஒரு விடுகதையாகவே சொல்லிவிடலாம்: போகும்போது மெலிந்தவன், வரும்போது பருத்தவன், அவன் யார்?

துணி சுற்றிய உருண்டை

முதல் விடையைக் கண்டோர் வேட்டைக்காரர். குழலினுஞ் சிறிது குறைந்த உருண்டைக் குண்டை எண்ணெயோ கொழுப்போ தோய்ந்த துணித் துண்டில் வைத்து, துணியோடு சேர்த்து உள்ளே தள்ளினர். ஈயம் தவாளிப்பைத் தொடாது; துணியே தவாளிப்பை நிரப்பிக் குண்டைச் சுழற்றும். வெளியே வந்ததும் துணி கழன்று விழும்; குண்டு மட்டும் செல்லும். அமெரிக்காவில் பென்சில்வேனியா, கென்ரக்கிப் பகுதிகளின் நீண்ட துவக்குகள் இம்முறையாலேயே புகழ்பெற்றன. 1800 ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தானியப் படையிற் சேர்க்கப்பட்ட 'பேக்கர்' றைபிளும் இவ்வகையினதே. ஆனால் துணி வைத்துக் கெட்டிக்க நேரம் மிகுதியாக வேண்டியிருந்தது. வேட்டைக்காரனுக்குப் பொறுமை இயல்பு. போர்வீரனுக்கு அதற்கு நேரமில்லை.

இன்றும் இப்பழைய றைபிள்களைப் பேணி, இலக்குச் சுடுவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உளர். அவர்கள் 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல உருண்டையைப் பெரும்பாலும் தெரிந்துகொள்வர். இடைவெளியைத் துணியின் தடிப்பு நிரப்பும். அத்தகைய உருண்டையின் நிறை ஏறத்தாழ 177 கிறெயின்; ஓர் இறாத்தல் 7000 கிறெயின் என்க. உருண்டையின் நிறை விட்டத்தின் மும்மடிக்கேற்ப ஏறுவதால், விட்டம் இரட்டித்தால் நிறை எட்டு மடங்காகும். 12 'போர்' துவக்கு என்று நாம் கேட்டறிந்த வழக்கும் இக்கணக்கிலிருந்தே வந்தது: குழலளவுக்குச் சரியான உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் ஈயம் என்பதே அதன் பொருள்.

உருண்டைக்குச் சுழற்சி சிறிதே போதும். ஆதலால் அதற்குரிய குழல்களில் 48 அங்குலம் முதல் 72 அங்குலம் வரையான நீளத்திற்கு ஒரு சுற்றாகப் புரி வெட்டுவது வழக்கம். விரைவிற் சுற்றும் புரியிலே மிகுந்த மருந்தோடு உருண்டையைச் செலுத்தினால், அது புரியைப் பின்பற்றாது வழுக்கி நேரே ஓடிவிடும்.

விரியும் குண்டு

விடுகதைக்கு இரண்டாவது விடை நம் பக்கத்திலிருந்து சென்றதாக ஒரு செய்தி உண்டு. பிரித்தானியப் படையின் கப்டன் நோட்டன் என்பவர் தென்னிந்தியாவிலே ஊதுகுழலால் அம்பெய்வாரைக் கண்டார் என்றும், அவ்வம்பின் அடியிற் சுற்றியிருந்த மெல்லிய தாமரைத் தண்டு நெட்டி ஊதியவுடன் விரிந்து குழலை அடைத்துக்கொள்வதைக் கவனித்தார் என்றும், அதிலிருந்தே அடியிற் குழிவுடைய குண்டைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றிற்று என்றும் கூறுவர். 1830களில் அவர் அமைத்த குண்டையும், 1835 இல் வில்லியம் கிறீனர் என்னும் துவக்குத் தொழிலாளர் அமைத்த ஆப்பு வைத்த குண்டையும் பிரித்தானிய அதிகாரிகள் ஏற்றிலர்.

பிரான்சிலே தெல்வீஞ், துவெனென் முதலியோர் வேறு வழிகளை முயன்றனர். கோலால் இடித்து ஈயத்தை நசுக்கி விரியச் செய்வது அவர்கள் வழி. 1849 ஆம் ஆண்டளவில் கப்டன் மினியே என்பார் கூம்புத் தலையும் குழிந்த அடியும் உடைய நீண்ட குண்டினை அமைத்து, அக்குழியில் ஓர் இரும்புக் கிண்ணத்தைப் பொருத்தினார். வெடியின் விசையால் கிண்ணம் முன்னோக்கி ஏறும். ஏறும்போது ஈயத்தின் மெல்லிய விளிம்பு விரிந்து தவாளிப்பை நிரப்பும். போகும்போது மெலிந்திருந்தது, வரும்போது பருத்துவிட்டது! பிரித்தானிய அரசு இம்முறையைப் பயன்படுத்துதற்கு மினியேக்கு 20,000 பவுண் கொடுத்தது. அதன் பின்னரே, விரியும் குண்டின் கருத்தை முன்னர் வெளியிட்டவர் என்ற முறையில் கிறீனருக்கு 1857 இல் 1,000 பவுண் வழங்கிற்று. தன் வீட்டுப் பிள்ளையின் அறிவை அயலார் மெச்சிய பின்னரே மதிக்கும் வழக்கம் நம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று போலும்.

மினியேயின் கிண்ணம் சிலவேளை குண்டின் தலையைத் துளைத்துக்கொண்டு போய், ஈய வளையமொன்றைக் குழலினுள்ளே விட்டுச் சென்றது. கிண்ணமின்றியும் வெடியின் அமுக்கமே விளிம்பை விரிக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் பேற்றன் அமைத்த குண்டும், இங்கிலாந்தில் 1853 ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிளுக்கென அமைந்த பிறிச்செற் குண்டும் கிண்ணமில்லாதவை. என்பீல்ட் குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம், நிறை 530 கிறெயின், புரி 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று. சாதாரண வீரனொருவன் நிமிடத்திற்கு இரண்டு மூன்று வெடி வைத்துக்கொண்டே பல நூறு யார் தூரத்திற் குறிபார்க்க முடிந்தது இதனாலேயே.

ஆனால் இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லாது விடலாகாது. மென்மையான, பெரிய, மெதுவாகச் செல்லும் ஈயக்குண்டு எலும்பிற் பட்டால் அதனை முறிப்பதோடு நில்லாது, சிதறடித்துவிடும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே கையும் காலும் வெட்டப்பட்டோர் தொகை பல்லாயிரமானதற்கு இக்குண்டு ஒரு பெருங் காரணம்.

நீண்ட குண்டும் விரைந்த புரியும்

பொறிவல்லுநரான யோசேப் விற்வேத் குழல் விட்டத்தை 0.451 அங்குலமாகக் குறைத்து, அதே 530 கிறெயின் ஈயத்தை நீட்டிச் செலுத்தினார். நீண்ட குண்டு காற்றை எளிதிற் கிழிக்கும். ஆயினும் நீளம் மிகுந்தால் தலைகீழாய்ப் புரளும் இயல்பும் மிகும். அதனைத் தடுக்க விரைந்த சுழற்சி வேண்டும். அவர் அறுகோண வடிவான குழலில் 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று வைத்தார். 1857 இல் நடந்த சோதனைகளில் அது நெடுந்தூரத்தில் என்பீல்டை வென்றது. 1860 யூலை 2 ஆந் திகதி விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணியார் 400 யார் தூரத்து இலக்கை நோக்கி முதல் வெடி தீர்த்ததும் விற்வேத் றைபிளாலேயே. ஆனால் அதன் விலை மிகுதி. சிறிய குழலிற் கரிப்பற்றும் தொல்லை தந்தது. படைக்கு அது பொருந்தவில்லை.

எந்நீளக் குண்டுக்கு எவ்வளவு சுழற்சி வேண்டுமென்பதை 1879 இல் கிறீன்ஹில் என்னும் கணித பேராசிரியர் ஒரு சூத்திரமாக்கினார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆற் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு வேண்டிய அங்குலம் கிடைக்கும். விட்டம் 0.45, நீளம் 1.35 அங்குலமாயின் விடை 22.5. 1871 இல் ஏற்கப்பட்ட மாட்டினி-ஹென்றி றைபிளின் புரி 22 அங்குலத்திற்கு ஒரு சுற்று. சூத்திரம் பிறக்குமுன்னரே தொழிலாளரின் கை அவ்விடையைத் தொட்டுவிட்டது.

தெரிவு செய்வோன் நோக்க வேண்டியவை

ஆகவே இத்தகைய பழைய றைபிளுக்குக் குண்டு தெரிவு செய்வோன் முதலில் நோக்கவேண்டியது குண்டையன்று, குழலையே. மெல்லிய ஈயத் துண்டொன்றைக் குழலினூடே கோலால் மெல்லத் தள்ளி எடுத்து, அதிற் பதிந்த வடுவை நுண்ணளவுகோலால் அளப்பர். குழலிற் பொறித்த எண்ணை மட்டும் நம்புதல் தவறு. ஒரே பெயருடைய இரு துவக்குகளின் குழல்கள் சற்றே வேறுபடுதல் இயல்பு. அடிக்குழிவுள்ள குண்டு குழலினும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் மட்டும் சிறிதாயிருத்தல் நன்றென்பது இக்கால இலக்காளர் கொள்கை. அடுத்தது புரி: மெதுவான புரிக்கு உருண்டை; விரைந்த புரிக்கு நீண்ட குண்டு; இரண்டிற்கும் இடைப்பட்டவற்றிற்கு அடிக்குழிவுள்ள குட்டைக் குண்டு.

மூன்றாவது உலோகம். விரியவேண்டிய குண்டு தூய ஈயமாயிருத்தல் வேண்டும். நகத்தாற் கீறினால் வடு விழுமாயின் அது மெல்லீயம். அந்திமனி கலந்த ஈயம் விரியாது. முன்னாளில் இதுபோன்ற மலர்களை அச்சிட்ட ஈய எழுத்துக்கள் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்தவை. ஆயிரம் முறை அழுத்தினும் முகம் மழுங்காதவை. எழுத்துக்கு அழகான அவ்வன்மை வாய்வழிக் குண்டுக்குக் குற்றமாகும். ஆயினும் பின்வழியாகக் கெட்டிக்கும் துவக்கு வந்தபின், குண்டு மெலிந்து உட்புக வேண்டிய தேவை நீங்கியது. சிறிது வன்மையும் சேர்க்கலாயிற்று. மாட்டினி-ஹென்றிக் குண்டில் ஈயம் 12 பங்குக்கு வெள்ளீயம் 1 பங்கு. அடிக்குழியின் விளிம்பிலும் இத்தகைய அளவறிதல் வேண்டும்: தடித்தால் விரியாது, மெலிந்தால் மிகுந்த மருந்துக்குத் தாங்காது கிழியும்.

ஈயம் 327 பாகை சதமளவில் உருகும். வலைக்கு ஈயம் வார்க்கும் எங்கள் கரையோரத் தொழிலாளர் அறிந்த எச்சரிக்கைகள் இதற்கும் உரியன: உருகிய ஈயத்திலே ஒரு துளி நீர் விழுந்தாலும் அது சீறித் தெறிக்கும்; அதன் தூளும் ஆவியும் உடலுக்கு நஞ்சு.

நான்காவது நெய்ப்பு. இதுவே என் மாணவனுடைய வினாவுக்கு விடை. கரிப்பற்று உலர்ந்தால் ஓடுபோல இறுகும். கொழுப்போ மெழுகோ சேர்ந்தால் இளகி நிற்கும். ஆகையால் ஒவ்வொரு குண்டும் தான் செல்லும்போதே நெய்ப்பைக் கொண்டு செல்லுதல் வேண்டும். தேன்மெழுகோடு விலங்குக் கொழுப்பை அல்லது தாவர எண்ணெயைக் கலப்பது வழக்கம். மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய்கள் கரிமருந்தோடு சேர்ந்து தார்போல இறுகுமாதலால் ஆகா.

அளக்கப்படாத ஒன்று

என்பீல்ட் றைபிளுக்குரிய தோட்டா ஒரு கடதாசிக் குழாய். அதன் ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. குண்டுள்ள முனையின் கடதாசிக்கு வெளியே கொழுப்புப் பூசியிருக்கும். வீரன் மருந்துள்ள முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, தோட்டாவைத் திருப்பி, கொழுப்புப் பூசிய கடதாசியோடு குண்டை வாயிற் பொருத்தி, எஞ்சிய கடதாசியைக் கிழித்தெறிந்துவிட்டுக் கோலால் இடிப்பான். ஒரு கை துவக்கைப் பிடித்திருக்க, மறுகையிலே தோட்டா இருப்பதால், கிழிப்பதற்குப் பல்லே கருவியாயிற்று. கடித்த முனையிற் கொழுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் எக்கொழுப்பென்று அறியாத பொருளைக் கையாலே தொட்டு வாயருகே கொண்டுபோகவேண்டியவனுக்கு அவ்விளக்கம் ஆறுதலாகுமா?

1853 ஆம் ஆண்டிலேயே, இவ்வகைத் தோட்டாக்கள் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்தபோது, வங்காளப் படையின் உயர் அதிகாரியான கேணல் ரக்கர், சாதியாசாரத்துக்கு இழுக்கில்லாத கொழுப்பென்று உறுதியாகத் தெரிந்தாலன்றி இவற்றைச் சுதேச சிப்பாய்களுக்கு வழங்கலாகாது என்று எழுதி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பயன்படவில்லை. 1857 சனவரியில் தம்தம் பயிற்சி நிலையத்திலே செய்தி பரவிற்று. பசுக் கொழுப்பாயின் இந்துவுக்கும், பன்றிக் கொழுப்பாயின் முஸ்லிமுக்கும் அது ஆகாது. வேண்டிய நெய்யையும் மெழுகையும் தாமே பூசிக்கொள்ளலாம் என்றும், கையாற் கிழிக்கலாம் என்றும் அரசினர் பின்னர் இணங்கினர். அவ்விணக்கமே, முன்னது குற்றமுடையது என்பதற்குச் சான்றாகச் சிப்பாய்களுக்குத் தோன்றிற்று. மார்ச் 29 இல் பரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தான். ஏப்பிரல் 24 இல் மீரட்டிலே தோட்டாவைத் தொடுமாறு பணிக்கப்பட்ட 90 குதிரைவீரரில் 85 பேர் மறுத்தனர். அன்று அவர்களுக்கு நீட்டியவை புதிய தோட்டாக்களும் அல்ல, முன்னர்ப் பழகிய பழைய வகையே; நம்பிக்கை அழிந்தபின் பழையதும் புதியதும் ஒன்றாயின. மே 9 இல் அவர்களுக்கு அணிவகுப்பின் நடுவே விலங்கிட்டனர். மே 10 இல் மீரட் பற்றியெரிந்தது.

கிளர்ச்சிக்குக் காரணம் தோட்டா ஒன்றேயென்று கூறுதல் பேதைமை. 1856 இல் அயோத்தி அரசைக் கவர்ந்தது முதலாகப் பல காரணங்கள் விறகாய்க் குவிந்து கிடந்தன, தோட்டா பொறியாயிற்று. பின்னர் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்தனர். கொழுப்பை விடுத்துத் தேன்மெழுகைப் பூசினர். செய்யக்கூடியதே; செய்யவேண்டிய காலத்திற் செய்திலர்.

எனது விளக்கத்தைக் கேட்டு முடித்த அம்மாணவன் சிறிதுநேரம் பேசாதிருந்து, "குழலை இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள், அதைப் பிடிக்கிறவனிடம் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, ஐயா" என்றான். அவனுக்கு நான் படிப்பிக்க வேண்டியது அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், வைத்தியர் உளர், நிருவாகிகள் உளர், என்போல் ஆசிரியரும் உளர். நாம் யாவரும் ஏதோ ஒன்றைப் பிறர் கையிற் கொடுப்பவர்களே. ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை அளந்து செய்த பொருளும், அதனை ஏற்பவன் உள்ளத்தை அளவாது கொடுத்தால் நம் கையிலேயே வெடிக்கும். குழலுக்கேற்ற குண்டைத் தேடுதல் அறிவு. கொள்வோனுக்கேற்ற கொடையைத் தேடுதல் அறிவினும் மேலானது. மேசைக்குக் கீழே ஒளித்து வாசித்த புத்தகத்திலிருந்து இதை எனக்குப் படிப்பித்த மாணவனுக்கு நன்றி கூறி அமைகின்றேன்.